ஹாஜரா பீவி வீட்டில் இருப்பவள்

— செண்பகம் இப்பம் இங்கன இல்ல தாயி. காலையிலயே பழக்கூடையத் தூக்கிக்கிட்டு ஐந்தருவிக்குப் போயிட்டா. சீசன் பாரு, கூட்டம் இருக்கும். வெளக்கு வைக்க முன்னால வந்துருவா. அது கெடக்கட்டும், நீ யாருன்னு இன்னும் சொல்லலியே.

— எம் பேரு வடிவம்மா. கடையத்துப் பக்கம். பால்வண்ணநாதன்னு சொன்னா ஒங்களுக்குத் தெரியும்னு நெனைக்கேன் பீவிம்மா.

— அவளக் கட்டினவன் பேரு அதுதான்.

— அவுகளுக்கு ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டவ நான்.

— சரி, உக்காரு. தரையில வேண்டாம், சாரலுக்கு ஓதம் அடிச்சுக் கெடக்கு, கைப்பிள்ளைய வேற வச்சிருக்க. இந்தப் பாயில உக்காரு. தண்ணி குடிக்கியா? எங்க வீட்டுத் தண்ணி குடிப்பியா?

— குடுங்க பீவிம்மா. பஸ்ஸுல வந்ததுல நாக்கு ஒட்டிக்கிட்டுது.

— ஒம் மாப்பிள்ளை அனுப்பிச்சு வந்தியா?

— இல்ல. விசுவநாதர் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவுகளுக்குத் தெரியாது.

— தெரிஞ்சோ தெரியாமலோ, அவள வெளிய அனுப்புன்னு சொல்லி ஆளு வாரது எனக்குப் புதுசு இல்ல. முதல்ல எங்க மச்சான் சேக் மைதீன் வந்தாரு. தொழுகை முடிஞ்ச கையோட வந்து இந்தப் பாயிலதான் இருந்தாரு. பெத்த பிள்ளைக்கே ஆகாதவ ஒனக்கு என்னத்துக்கு ஆவான்னு மெதுவாத்தான் கேட்டாரு. நல்ல மனுசன், கெட்ட எண்ணத்துல கேக்கல. அப்புறம் தெருப் பொம்பளைங்க வந்தாங்க. அவ தண்ணி எடுக்கப் போனா கொடத்தத் தூக்கிக்கிட்டு நவுந்துக்கிடுதாங்க. நீயும் அதுக்குத்தான் வந்திருந்தா சொல்லிரு. கோவிச்சுக்கிட மாட்டேன்.

— நான் ஒண்ணும் சொல்ல வரல. சும்மா கேக்கேன் பீவிம்மா. ரெண்டு பிள்ளையவும் கெணத்துல போட்டுக் கொன்னவ. கோர்ட்டுல தீர்ப்பாயி வேலூரு ஜெயில்ல கெடந்துட்டு வந்தவ. அவளுக்குச் சோறு போட்டு, ஒங்க பக்கத்துலயே படுக்க வைக்கிய. ஒங்களுக்குப் பயமா இல்லையா?

— போட்டான்னு சொல்லாத. பிள்ளைகளோட சேந்து குதிச்சா. பக்கத்து வயல்ல நின்னவன் ஓடி வந்து எறங்கியிருக்கான். அவன் கையில முதல்ல சிக்குனது இவ தலைமுடி. இவளக் கரையில ஏத்திப் போட்டுட்டு மறுபடியும் முங்கியிருக்கான். அதுக்குள்ள பிள்ளைக போயிட்டுது. செத்தது அதுக, பொழச்சது இவ. அதனாலதான் அது கொலை. மூணும் போயிருந்தா, ஐயோ பாவம்னு ஊரே அழுதுருக்கும்.

— அப்படின்னா அவ மேல குத்தம் இல்லங்கியளா?

— நான் அப்படிச் சொல்லல. அவளும் என்னய அப்படிச் சொல்ல விட மாட்டா. ஒருநாளு, நீயும்தானே செண்பகம் குதிச்சேன்னு ஆறுதலுக்குச் சொல்லிட்டேன். வெறகு பொளந்துக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்தா. "இல்லக்கா, நான் கொன்னேன்"னு சொல்லிட்டு மறுபடியும் பொளக்க ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சு எடுக்கதே இல்ல.

— ஒங்க வீட்டுக்கு எப்படி வந்தா?

— அது மாநிலம் பிரிச்சு, செங்கோட்டை நம்ம ஜில்லாவோட சேந்த வருசம். எம் மாப்பிள்ளை மவுத்தாயி, ஐந்தருவிப் பழக்கடைய நான் ஒருத்தியா பாத்துக்கிட்டு இருந்தேன். ஆடிச் சாரல். ஒரு பொம்பளை வந்து, கடைக்கு முன்னால கெடந்த பலாச் சக்கையெல்லாம் கூட்டி அள்ளிப் போட்டா. நான் செய்யின்னு சொல்லல, அவளாத்தான் செஞ்சா. ரெண்டு பழம் குடுத்தேன், வாங்கிக்கிட்டா. மறுநாளும் வந்தா. பேரு கேட்டேன், செண்பகவல்லின்னா. ஊரு கேட்டதும் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டுக் கூட்டப் போயிட்டா. குத்தாலத்துல சீசன்ல யாரும் யாரையும் தோண்டித் துருவ மாட்டாங்க. குளிச்சோம், தின்னோம், போனோம்னு இருப்பாங்க. அதுக்குத்தான் அங்கன வந்திருக்கா.

— சொந்த ஊருக்குப் போகலியா?

— போயிருக்கா. ஜெயில்ல இருந்து ரயில் ஏத்தி விட்டதும் நேரா கூடப்பிறந்தவன் வீட்டுக்குத்தான் போயிருக்கா. செல்லச்சாமின்னு ஒருத்தன்.

— தெரியும். எங்க ஊருக்கு அடுத்த ஊருதான்.

— அவன் கதவத் தொறக்கல. உள்ள நின்னுக்கிட்டு, ஜன்னல் வழியா, எனக்கும் பொட்டப்பிள்ளைக இருக்குன்னு சொல்லியிருக்கான். கோயில் மண்டபத்துல போயி ஒக்காந்திருக்கா. அங்கனயும் எழுப்பி விட்டுட்டாங்க. நடந்தே தென்காசிக்கு வந்து, அங்கன இருந்து குத்தாலம். சீசன் இருந்த மட்டும் சரி. அப்புறம் தண்ணி வத்திட்டுது, கடைகளப் பிரிச்சுக் கட்டியாச்சு, குரங்குதான் பாக்கி. இவ மட்டும் போகாம நிக்கா. எங்க போவன்னு கேட்டேன். தெரியலன்னா. சரி எங்கூட வான்னு கூட்டிட்டு வந்தேன். இந்தா, இந்த வாசல் வரைக்கும் வந்தவ படி ஏறல. நல்ல மழ. நான் நடையில நிக்கேன், அவ தெருவுல நிக்கா. "அக்கா, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அப்புறமா உள்ள கூப்பிடுங்க"ன்னா. வந்து சொல்லு, நனையுதயேன்னேன். மாட்டேனுட்டா. நனைஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. பிள்ளைகள, கெணத்த, ஜெயில, எல்லாத்தையும்.

— கேட்டுட்டு நீங்க என்ன சொன்னிய?

— உள்ள வான்னு கூப்பிடாம நடையிலயே நின்னுட்டேன் தாயி. அவ அதையே பதிலா எடுத்துக்கிட்டா. "சரிக்கா"ன்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்துட்டா. கோவத்துல இல்ல. கடையில சாமான் இல்லன்னு சொன்னா நாம திரும்பிப் போவோம்லா, அப்படிப் போறா. அந்தப் போக்குதான் எனக்குத் தாங்கல. தெரு முக்கு வரைக்கும் ஓடிப் போயி கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். நல்ல பொம்பளைன்னு நெனச்சு இல்ல, அல்லா அறிய நான் யோசிக்கவே இல்ல. யோசிச்சிருந்தா விட்டிருப்பேன்.

— அப்புறம் யோசிச்சிருப்பியளே.

— யோசிக்காம? என் மவன் அப்துல் ஜப்பார் கொழும்புல இருக்கான். மருமவ மெஹர் பானு கடையநல்லூர்ல அவ உம்மா வீட்டுல. மாசந்தவறாம பேத்தியத் தூக்கிக்கிட்டு வருவா. இவ வந்த பெறகு ஒரு தடவ வந்தா. யாரு என்னன்னு தெரிஞ்சதும் பிள்ளையக் கீழ விடாம இடுப்புலயே வச்சிருந்துட்டு, சாப்பிடாம கெளம்பிட்டா. அவ இருக்க வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சா. ஏறவும் இல்ல. எம் பேத்தி இப்பம் ஓதப் போற அளவுக்கு வளந்துட்டா. நான் அங்கன போனா பாக்கலாம். எம் மடியில கெடந்து ஒறங்குன பிள்ளை, போன பெருநாளுக்கு என்னயக் கண்டு அவ உம்மா பின்னால ஒளிஞ்சுது.

— அப்படி இருந்தும் அவள அனுப்பலியே.

— அனுப்பத்தான் நெனச்சேன். மெஹர் பானு போன அன்னைக்கு, இவ தன் சேலைய மடிச்சு வச்சுக்கிட்டு ரெடியா இருந்தா. நான் சொல்லக்கூட இல்ல. எங்க போவன்னு கேட்டா, முன்ன சொன்ன அதே பதிலுதான். தெரியலக்கா. தெரியாத எடத்துக்கு ஒரு மனுசிய எப்படித் தாயி அனுப்புவ? சர்க்கார் தண்டன குடுத்து முடிச்சாச்சு. இன்னும் பாக்கி இருந்தா அது படைச்சவன் பாத்துக்கிடுவான். நான் எதுக்கு நடுவுல?

— அவ ஒறங்குவாளா?

— என்ன கேக்க?

— சும்மா கேக்கேன். படுத்தா ஒறக்கம் வருமா அவளுக்கு?

— வேல செஞ்ச அலுப்புல ஒறங்குவா. மழத்தண்ணி ஓட்டுல இருந்து பானையில விழுற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு ஒக்காந்துக்கிடுவா. மழைக்காலத்துல நான் பானைய வெளிய வைக்கது இல்ல.

— பிள்ளைக பேரச் சொல்லுவாளா?

— வாசல்ல நின்னு சொன்னா பாரு, அன்னைக்கு ஒரு தடவ. குத்தாலிங்கம், கோமதின்னு. அதோட சரி. ஆனா அருவிக்கரையில கோமதிங்குற பேருக்கா பஞ்சம்? பிள்ளையப் பெத்தவ யாராவது, ஏட்டி கோமதின்னு கூப்பிட்டா, கையில என்ன இருந்தாலும் கீழ வச்சிருவா. கொஞ்ச நேரம் வெறுங்கையோட நிப்பா. அப்புறம் எடுத்துக்கிடுவா. ஏன், ஒனக்கு ஏன் கண்ணு கலங்குது?

— எம் பிள்ளைக்கும் அதான் பேரு பீவிம்மா. இந்தா மடியில கெடக்காளே, இவ பேரு கோமதி.

— அல்லாவே. நீயா வச்ச?

— எங்க அம்மை பேரு வைக்கணும்னு ஆசப்பட்டேன். அவுக ஒத்துக்கிடல. செத்துப் போன எம் பிள்ளைதான் திரும்பி வந்திருக்குன்னு, தொட்டில்ல போடும்போது ஊருக்கு முன்னால சொன்னாக. சொல்லிட்டுத் துண்டால மொகத்த மூடிக்கிட்டாக. இருந்த பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. நானும் அழுதேன்.

— ஊர்ல அவனுக்கு அவ்வளவு மதிப்பு.

— தெய்வம்னு சொல்லுவாங்க. குடி கெடையாது, சீட்டு கெடையாது, யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாக. எங்க அப்பா என்னயக் கட்டிக் குடுக்கும்போது, அந்த மனுசன் ரெண்டு பிள்ளையப் பறிகுடுத்தவரு, நீதான் அவர சிரிக்க வைக்கணும்னு சொல்லித்தான் அனுப்பிச்சாரு. எரக்கப்பட்டுத்தான் என்னயக் குடுத்தாங்க பீவிம்மா. ஒண்ணு கேக்கேன். அவ எதுக்காகக் குதிச்சான்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்காளா? கோர்ட்டுல அவ வாயே தொறக்கலன்னு சொல்லுவாங்க.

— தொறந்திருக்கா, ஒரே ஒரு தடவ. சொல்லுததுக்கு ஏதாவது இருக்கான்னு ஜட்ஜு கேட்டிருக்காரு. மூணு பேரும் போறதுக்குத்தான் போனோம், என்னய மட்டும் எதுக்கு எடுத்தாங்கன்னு கேட்டிருக்கா. ஒம் மாப்பிள்ளை வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் நின்னு அழுதானாம். அவனப் பாத்து எல்லாரும் அழுதாங்களாம். ஏன் குதிச்சேன்னு ஒரு ஆளு இவகிட்ட கேக்கல.

— நீங்க கேட்டியளா?

— நானும் கேக்கல. அவளாத்தான் ஒருநாளு காய்ச்சல்ல கெடக்கும்போது சொன்னா. ஒனக்கு எதுக்குத் தாயி? நாளைக்கும் நீ அவன் மொகத்துலதானே முழிக்கணும்?

— சொல்லுங்க பீவிம்மா. நான் கேட்டுக்கிடுதேன்.

— அவன் அடிச்சது இல்ல. கை நீட்டுனதே இல்ல. மூத்தவன் ஒருத்தனா இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கான். ரெண்டாவது பொறந்து, பிள்ளைக்கு மொகம் தெளிஞ்ச பெறகு ஒருநாளு தொட்டில எட்டிப் பாத்துட்டு, "இது யாரு சாயல்?"னு கேட்டிருக்கான். இவ, எங்க அத்தை சாயல்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கா. மறுநாளும் கேட்டிருக்கான். அதுக்கு மறுநாளும். வேற பேச்சே கெடையாது. சோறு வச்சா தின்பான், கைய கழுவிட்டு தொட்டில்கிட்ட வந்து நின்னு அத மட்டும் கேட்டுட்டு வெளிய போயிருவான். போகும்போது வெளியில பூட்டிட்டுப் போவான்.

— அந்த வார்த்தையவா கேப்பாக? யாரு சாயல்னா?

— அதையேதான். சத்தம் போட்டுக்கூட இல்லையாம். எடை கேக்குற மாதிரி கேப்பானாம். இவ அம்மை வீட்டுக்குப் போயி அழுதிருக்கா. அடிச்சானா, இல்ல. குடிச்சானா, இல்ல. வேற பொம்பளை? இல்ல. அப்புறம் என்னட்டின்னு செல்லச்சாமிதான் கொண்டு வந்து விட்டுட்டுப் போயிருக்கான். கடைசியில ஒருநாளு, இப்படிக் கேட்டா நீ சொல்ல மாட்ட, கோயில்ல வச்சு நாலு பேரு முன்னால கேக்கேன், அங்கன சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அன்னைக்குக் கதவப் பூட்டல.

— பூட்டலியா?

— பூட்டல. மறந்தானோ, வேணும்னுதான் விட்டானோ, அது அவளுக்கே தெரியல.

— பிள்ளைகளுக்குச் சோறு குடுத்திருந்தாளாமா அன்னைக்கு?

— குடுத்திருக்கா. தயிரு விட்டுப் பெசஞ்சு குடுத்திருக்கா.

— பெரியவன் வர மாட்டேன்னு சொல்லலியா?

— தாயி கூப்பிட்டா பிள்ளை எங்கன்னு கேக்குமா? கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தே போயிருக்கான். வடிவு, என்ன பிள்ள இதெல்லாம்? எதுக்கு இப்படி ஒண்ணொண்ணாக் கேக்க?

— சும்மாதான். அவ இப்பம் பிள்ளைகளத் தூக்குவாளா பீவிம்மா? இவள அவகிட்ட குடுத்தா வாங்குவாளா?

— வாங்க மாட்டா. போன சீசன்ல ஒண்ணு நடந்துச்சு. அருவிக் கூட்டத்துல தாயத் தொலைச்ச பிள்ளை ஒண்ணு, அழுதுக்கிட்டே வந்து இவ சேலையப் பிடிச்சுக்கிட்டுது. இவ தொடல. ரெண்டு கையவும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, பிள்ளை, பிள்ளைன்னு மட்டும் கத்திக்கிட்டு அசையாம நின்னா. பெத்தவ ஓடி வந்து தூக்குத வரைக்கும் கைய எறக்கல. பாத்தவங்க எல்லாம், கல்லு நெஞ்சுக்காரி, அழுத பிள்ளையத் தூக்கக்கூட இல்லன்னு ஏசுனாங்க. எனக்குத் தெரியும். தொடுததுக்கு தனக்கு உரிமை இல்லன்னு வச்சிருக்கா. அத நான் எப்படி மாத்த முடியும்? சொல்லிப் பாத்தாச்சு.

— அவளுக்கு இந்தத் தண்டன போதாதுன்னு நான் நெனச்சது உண்டு பீவிம்மா. நான் வாக்கப்பட்டுப் போன புதுசுல, அந்த வீட்டுல சுவத்துல கரியால கிறுக்கின கோடு இருக்கும், பெரியவன் போட்டது. அவுக அதுக்கு மேல வெள்ளையடிக்க விட மாட்டாக. அதப் பாக்கும்போதெல்லாம் அவள வஞ்சிருக்கேன். எந்தத் தாயிக்கு மனசு வரும், பேயிக்குக் கூட வராதேன்னு. பொறந்த வீட்டுக்குப் போனா எங்க அம்மைகிட்டயும் சொல்லுவேன். தூக்குல போடாம விட்டுட்டாங்களேன்னு.

— இப்பம்?

— இப்பமும் மன்னிக்க முடியல. இந்தா, இவ மூச்சு விடுதத மடியில வச்சிக்கிட்டு எப்படி மன்னிப்பேன்?

— மன்னிக்கச் சொல்லி நான் ஒன்னய கேக்கல தாயி. நானே மன்னிச்சுட்டேனான்னு எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு பேரும் ஒரே சட்டியில தின்னுதோம். அவ காய்ச்சல்ல கெடந்தா நான் கஞ்சி வைக்கேன், எனக்கு முட்டு வலிச்சா அவ எண்ணெ தேய்க்கா. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது. அவள அனுப்ப மாட்டேன். ஒம் மாப்பிள்ளைகிட்டயும் அதையே சொல்லிரு.

— அவுகளுக்கு அவ இங்கன இருக்கது தெரியும். சந்தையில யாரோ சொல்லியிருக்காக. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாக, கைய கழுவுனாக. தொட்டில்கிட்ட போயி நின்னு, இது யாரு சாயல்னு கேட்டாக. மறுநாளும் கேட்டாக.

— வடிவு.

— பிள்ளைக்குக் கொஞ்சம் சோறு இருந்தாக் குடுங்க பீவிம்மா. காலையில இருந்து ஒண்ணும் குடுக்கல. குடுக்கக் கூடாதுன்னு இல்ல, குடுத்தா அதுவே கடைசிச் சோறா ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு.

— இந்தா, எந்திரிக்காத, நான் கொண்டாரேன். பிள்ளைய எங்கிட்ட குடு. குடு தாயி. இப்பம் என்னயப் பாத்துச் சொல்லு. நீ அவளப் பாத்து ரெண்டு வார்த்தை ஏசிட்டுப் போகத்தானே வந்த?

— இல்ல. அவ வார வரைக்கும் இங்கனயே இருக்கேன். அன்னைக்கு அவ வீட்ட விட்டு எறங்கும்போது, யாரு வந்து என்ன சொல்லியிருந்தா பிள்ளைகளோட திரும்பியிருப்பான்னு அவகிட்ட கேக்கணும் பீவிம்மா. எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் நின்னு பாத்துட்டேன், அத எனக்குச் சொல்ல ஒரு ஆளு இல்ல.